ஃபைட்டர் மீனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதாது

சென்ற இதழில் வீட்டில் வண்ண மீன் வளர்ப்பவர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெட்டாவைப் பற்றி, அதாவது நம் ஊர்க் கடைகளில் ஃபைட்டர் என்று விற்கிற மீனைப் பற்றியே இருந்ததால், இந்த இதழ் முழுக்க அதற்கே.

மகளின் பிறந்தநாளுக்கு நீல நிற ஃபைட்டர் ஒன்று வாங்கினோம் மேடம். கடைக்காரர் கூடவே இரண்டு லிட்டர் பிடிக்கிற உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் கலர் கல்லும் கொடுத்து, "இதுக்கு இவ்வளவு தண்ணி போதும்மா, வாரம் ஒரு தடவை முழுசா மாத்திடுங்க" என்றார். கொஞ்ச நாள் துறுதுறுவென்று இருந்தது. இப்போது அடியிலேயே படுத்துக் கிடக்கிறது, தீனி போட்டால் மேலே வருவதில்லை, வால் ஓரம் நைந்து கிழிந்திருக்கிறது. என்ன மருந்து போடலாம்?
– வாசகி, அம்பத்தூர்

மருந்து எதுவும் வேண்டாம்மா. உங்கள் மீனுக்கு இப்போது வேண்டியது நல்ல தண்ணீர், அதுவும் இன்றைக்கே.

அந்தக் கடைக்காரர் சொன்னதைத்தான் ஊரில் பாதிக் கடைகளில் சொல்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஃபைட்டருக்குச் செவுள் போக, தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இன்னொரு உறுப்பு உண்டு, லாபிரிந்த் என்பார்கள். தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை இழுத்து, அந்த மடிப்புகளில் நிறுத்தி, அதிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மற்ற மீன்கள் மூச்சு முட்டிச் சாகிற தண்ணீரிலும் இது உயிரோடு இருப்பதும், கடையில் பிளாஸ்டிக் டம்ளருக்குள் நாள்கணக்கில் தாக்குப்பிடிப்பதும் அதனால்தான். ஆனால் அந்த உறுப்பு மூச்சுக்கு மட்டும்தான் உதவும். மீன் வெளியேற்றுகிற கழிவிலிருந்தும், அடியில் கல்லுக்கு நடுவே போய் அழுகுகிற மிச்சத் தீனியிலிருந்தும் வருகிற அமோனியா செவுளையும் தோலையும் துடுப்பையும் புண்ணாக்குவதை அதனால் தடுக்க முடியாது. இரண்டு லிட்டர் தண்ணீரில் அந்த அமோனியா ஓரிரு நாளிலேயே ஏறிவிடும். தண்ணீர் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வாடைகூட வராது, உள்ளே மீன் மட்டும் வெந்துகொண்டிருக்கும். அதிலும் சென்னையில் பெரும்பாலான போர் தண்ணீருக்குக் காரத்தன்மை அதிகம்; அதைக் காட்டுகிற பி.எச். அளவு ஏற ஏற, வெப்பம் ஏற ஏற, அதே அளவு அமோனியா இன்னும் கடுமையான விஷமாக வேலை செய்யும்.

ஏழாம் நாள் அத்தனை தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றும்போது இன்னோர் அடி. வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போன தண்ணீருக்குப் பழகியிருந்த உடம்பு ஒரே நிமிஷத்தில் வேறு பி.எச்., வேறு வெப்பம், கூடவே குளோரின் என்று மூன்றையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. வால் ஓரம் நைந்துபோவது பெரும்பாலும் இந்தச் சோர்வில் பாக்டீரியா உள்ளே புகுவதால்தான்.

"வயல்ல மாட்டுக் குளம்படிப் பள்ளத்துல வாழ்ற மீனுங்க இது" என்று ஒரு பேச்சும் உண்டு. தாய்லாந்தில் சாவ் ஃபிரயா ஆற்றுச் சமவெளியில் நெல் வயல், வாய்க்கால், சதுப்பு என்று ஆழம் குறைந்த தண்ணீரில்தான் இது வாழ்கிறது. ஆழம் குறைவு, சரி. ஆனால் அந்தத் தண்ணீர் வயல் வயலாக விரிந்து கிடக்கிறது, செடி அடர்ந்திருக்கிறது, மழையும் பாசனமும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. கோடையில் குட்டைகள் வற்றும்போது கொஞ்ச நாள் சேற்றுத் தண்ணீரில் சமாளிக்க இந்தக் காற்று குடிக்கிற வசதி உதவுகிறது. சமாளிக்கிற இடத்தையே வீடாகக் கொடுத்துவிட்டு, வளர்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வது நியாயமில்லை. அந்த நாட்டில் 2019இல் இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தார்கள், அவ்வளவு பெருமையோடு பார்க்கிற மீன் இது.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சோப்பு படாத பக்கெட்டோ டப்போ, பத்துப் பதினைந்து லிட்டர் பிடிப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீர் நிரப்புங்கள் (எப்படி என்று அடுத்த பதிலில் இருக்கிறது). மீனை அதன் பழைய தண்ணீரோடு ஒரு டம்ளரில் எடுத்து, புதுத் தண்ணீரை அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றிப் பழக்கி, அப்புறம் பக்கெட்டில் விடுங்கள். மேலே வலையோ துளை போட்ட மூடியோ போட்டு வையுங்கள், இது குதிக்கும். இன்று தீனி வேண்டாம். நாளையிலிருந்து தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். வால் ஓரம் கறுத்தோ சிவந்தோ உள்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் நோய் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். ஓரத்தில் நிறமே இல்லாமல், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய ஏடு ஒன்று வந்தால் அது புதிதாக முளைக்கிற துடுப்பு, பயப்பட வேண்டாம். நிறம் பிறகு ஏறும்.

நிரந்தர வீட்டுக்குக் குறைந்தது இருபது லிட்டர். ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், பத்து அங்குல உயரத் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் 29 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடுகிற இடைவெளியும் போக இருபத்தி நான்கு, இருபத்தைந்து நிற்கும், இந்த மீனுக்கு அருமையான அளவு. உயரமான தொட்டியைவிட நீளமானது நல்லது, ஏனென்றால் நீளத் துடுப்பை இழுத்துக்கொண்டு காற்றுக்காக மேலே மேலே வர வேண்டியிருக்கிறது அதற்கு. ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதை ஓட்ட ஒரு ஏர் பம்பு. குமிழி மெதுவாக வரும்படி குழாயில் வால்வு வைத்துக் குறைத்துவிடுங்கள், வேகமான ஓட்டம் இதற்கு ஆகாது.

அந்த ஸ்பாஞ்சில்தான் விஷயமே இருக்கிறது. அதன் துளைகளில் குடியேறுகிற ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைக் கடுமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். அந்த நைட்ரேட்டை நாம் வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றி வெளியே எடுக்கிறோம். இவை குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாமல் ஓடுகிற தொட்டி இருந்தால் அங்கிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கி வந்து போட்டால் சீக்கிரம் நடக்கும். அதுவரை அமோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி இரண்டு நாளுக்கொரு முறை பாருங்கள், நிறம் மாறினால் தண்ணீர் மாற்றுங்கள். பிறகு ஸ்பாஞ்சைக் கழுவும்போது குழாயடியில் வைத்துத் தேய்க்காதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து திரும்ப வையுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அத்தனை பாக்டீரியாவையும் கொன்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

எங்கள் அடுக்குமாடியில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் சம்ப்பில் கலந்து வருகிறது. டி.டி.எஸ். மீட்டரில் 1,100 காட்டுகிறது. ஆர்.ஓ. தண்ணீர் விடலாமா, இல்லை கேன் வாங்கி ஊற்றலாமா?
– வாசகர், போரூர்

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் விடாதீர்கள் சார், கேனும் அதே ரகம்தான். அதில் உப்புகள் ரொம்பக் குறைவு, பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்க எதுவுமே இருக்காது, கழிவு சேரச் சேரத் திடீரென்று சரிந்துவிடும். பாதி ஆர்.ஓ., பாதி உங்கள் குழாய்த் தண்ணீர் என்று கலந்து விடுங்கள். முக்கியமானது, ஒவ்வொரு வாரமும் அதே அளவில் கலப்பது. ஃபைட்டருக்குப் பி.எச். ஆறரையிலிருந்து ஏழரை வரை உகந்தது என்பார்கள், ஆனால் நம் ஊர்ப் பண்ணையில் பிறந்த மீன் கொஞ்சம் கடினமான தண்ணீரையும் பழகிக்கொள்ளும். இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறுவதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. அப்புறம், அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் சொல்லும், அமோனியாவைச் சொல்லாது. அதில் எண் குறைவாகக் காட்டினால் தண்ணீர் நல்லது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

குளோரின் கலந்த தண்ணீரை வாய் அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடும், ஏர் பம்பு குழாயை உள்ளே போட்டு ஓடவிட்டால் இன்னும் சீக்கிரம் போகும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கொடுக்கிற சோடியம் தயோசல்பேட் சொட்டு மருந்து இருக்கிறது, பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குமேல் வேண்டாம். பிடித்து வைப்பது பிளாஸ்டிக் பக்கெட்டாக இருக்கட்டும். செம்புக் குடத்துத் தண்ணீர் நமக்கு நல்லது என்று சொல்கிறோம், மீனுக்குச் செம்பு கொடிய விஷம், ஆகவே அது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, அடுக்குமாடியில் இருப்பவர்கள் எல்லோருக்கும். சம்ப்பும் மேல்நிலைத் தொட்டியும் கழுவும்போது பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். என்றைக்குக் கழுவுகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் தண்ணீர் மாற்ற வேண்டாம். முன்கூட்டியே இரண்டு பக்கெட் பிடித்து வைத்திருந்தால் கவலையே இல்லை.

கடையில் "இண்டியன் ஆல்மண்ட் லீஃப்" என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். எங்கள் தெருவில் நிற்கிற பாதாம் மரத்து இலையும் அதுவும் ஒன்றா?
– வாசகி, புதுச்சேரி

ஒன்றேதான். நாட்டு வாதுமை மரம், பள்ளிக்கூட வாசலிலும் கடற்கரைச் சாலையிலும் நிற்குமே, அதே மரம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பச்சை இலையைப் பறிக்காதீர்கள்; தானாகச் சிவந்து உதிர்ந்த இலையைப் பொறுக்கி வந்து நிழலில் நன்றாகப் பழுப்பாகும் வரை காயவைத்து, கழுவி, இருபது லிட்டருக்குக் கையகல இலை ஒன்று போடுங்கள். முதலில் மிதக்கும், ஓரிரு நாளில் அமிழும், தண்ணீர் லேசான தேநீர் நிறத்துக்கு வரும். அந்த நிறம் இலையிலிருந்து இறங்குகிற டானின். பி.எச்.சைச் சற்றே இறக்கும், கிருமிகளை ஓரளவு அடக்கும், அதைவிட முக்கியமாக மீன் ஒளிந்துகொள்ளவும் ஓய்வெடுக்கவும் ஓர் இடம் கிடைக்கிறது. இலை நரம்பு மட்டும் மிஞ்சும்போது எடுத்துவிட்டு வேறு போடுங்கள். பூச்சிமருந்து அடிக்கிற இடத்து மரமும், வண்டிப் புகை படிகிற ரோட்டோர மரமும் வேண்டாம்.

ஒரு வேளைக்கு எத்தனை உருண்டை போடுவது? கடைக்காரர் உயிர்ப்புழு கொடுக்கச் சொல்கிறார். என் கணவரோ மொட்டை மாடியில் தண்ணீர் வைத்தால் கொசுப்புழு இலவசமாகக் கிடைக்குமே என்கிறார்.
– வாசகி, கோயம்புத்தூர்

நன்கு வளர்ந்த மீனுக்குக் காலையில் மூன்று நான்கு, மாலையில் மூன்று நான்கு சின்ன உருண்டை. அவ்வளவுதான். அதன் வயிறு அதன் கண்ணளவுதான் என்று மனதில் வைத்துக்கொண்டால் கை தானாக நிற்கும். கேட்டுக்கொண்டேதான் இருக்கும் அது, கண்ணாடிக்குக் கிட்டே போனாலே ஓடி வந்து ஆடும், இரங்கிப் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம், அதனால் ஒன்றும் ஆகாது. டப்பாவின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்: முதலில் மீன் தூள், இறால், பூச்சி என்று இருந்தால் வாங்கலாம், கோதுமை மாவு முதலில் இருந்தால் வேண்டாம், ஏனென்றால் இது புழு பூச்சி தின்கிற மீன். சோறு, பிரெட், வேகவைத்த பட்டாணி இதெல்லாம் சிலர் போடுகிறார்கள், ஒன்றும் வேண்டாம்.

கடையில் கொத்தாகச் சிவப்பாக நெளிகிற டூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் பெருகுவது. கழுவிக் கழுவிக் கொடுத்தாலும் நோயையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆபத்து உண்டு. உயிருள்ள தீனி கொடுக்க ஆசை இருந்தால் ஆர்ட்டீமியா என்கிற, உப்புத் தண்ணீரில் வாழும் குட்டி இறால் வகையின் முட்டை வாங்கிப் பொரித்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு, கால் டீஸ்பூன் முட்டை, அடியிலிருந்து காற்று. நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் டார்ச் அடித்தால் குஞ்செல்லாம் அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறத்தில் வந்து கூடும், ஓடுகள் மேலே மிதக்கும். டியூபால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிப் போடுங்கள்.

கொசுப்புழு ஃபைட்டருக்கு இயற்கையான உணவுதான், அதில் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான், முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாவதற்கு ஏழெட்டு நாள் போதும். ஓரிரு நாள் மறந்துபோனால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு டெங்கு. தயவுசெய்து மாடியில் வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் ஃபில்டர் ஓடுகிறது, அமோனியா பூஜ்யம், வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறேன். படுக்கையறைக்குத் தொட்டியை மாற்றி வைத்த மறுநாள் காலை மீன் சுழன்று சுழன்று நீந்தியது, மாலைக்குள் செத்துவிட்டது. எதுவும் புரியவில்லை.
– வாசகர், மதுரை

படுக்கையறையில் கொசுவுக்கு லிக்விட் மெஷின் போடுகிறீர்களா, சார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளம், ஆரோக்கியமான தொட்டியில் திடீரென்று சுழல்வது, நிலைதடுமாறுவது, ஒரே நாளில் முடிந்துபோவது, என்னை அந்தச் சந்தேகத்துக்குத்தான் கொண்டுபோகிறது. கொசுவத்திச் சுருள், லிக்விட், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதர்களுக்கு அந்த அளவில் பெரிய கெடுதல் இல்லை, மீனுக்கோ மிக மிகச் சிறிய அளவே போதும். அறைக் காற்றில் கலந்திருப்பதை ஏர் பம்பு இரவு முழுக்க உறிஞ்சி, நேராகத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. போதாததற்கு ஃபைட்டர் மேலே வந்து அதே காற்றைக் குடிக்கவும் செய்கிறது. கதவையும் சன்னலையும் சாத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த மீன் வாங்குவதாக இருந்தால் தொட்டியை லிக்விட் போடாத அறையில் வையுங்கள், அந்த அறையில் கொசுவலைதான். வேறு வழியே இல்லையென்றால் பம்பையாவது அடுத்த அறையில் வைத்து நீளக் குழாய் விடுங்கள், தொட்டிக்கு நல்ல மூடி போடுங்கள். கரப்பானுக்கு மருந்தடிக்க ஆள் வருகிற அன்று தொட்டியையே வெளியே கொண்டுபோய்விடுவது நல்லது. இருக்கிற தண்ணீரை முழுக்க மாற்றி, ஸ்பாஞ்சையும் புதிதாகப் போட்டுத் தொடங்குங்கள்.

அக்கா, நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். என்னிடம் ஒரு சிவப்பு ஃபைட்டர் இருக்கிறது. இன்னொரு ஃபைட்டர் விடலாமா? கப்பி விடலாமா? கண்ணாடி காட்டினால் செவுளை விரித்துச் சண்டைக்கு வருகிறது, தினமும் காட்டலாமா?
– மாணவர், திருச்சி

இன்னொரு ஆண் ஃபைட்டர் வேண்டாம் தம்பி, நிஜமாகவே கடித்துக் குதறிவிடும், ஒன்று சாகும். ஆணோடு பெண்ணையும் சும்மா சேர்த்து விடக்கூடாது. பெண் மீன்கள் நாலைந்தைச் சேர்த்து வளர்க்கலாம் என்பார்கள், அதிலும் ஒன்று மற்றவற்றை விரட்டிக்கொண்டே இருக்கும். கப்பியின் வண்ண வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துத் தாக்கும், அதுவும் வேண்டாம். ஒரு நத்தை விடு, போதும். கண்ணாடியை வாரத்தில் இரண்டு நாள், ஒன்றிரண்டு நிமிடம் காட்டலாம், விரித்து மடக்குவது துடுப்புக்கு நல்ல பயிற்சி. அதற்குமேல் காட்டினால் எதிரி போகவே மாட்டேன் என்கிறானே என்று அது களைத்துப்போகும். மேலே நுரை நுரையாகக் குமிழ் கட்டியிருந்தால் பயப்படாதே, குஞ்சு பொரிக்க ஆண் கட்டுகிற கூடு அது. பெண் இல்லாவிட்டாலும் கட்டும்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் வயல் வரப்பு ஏறி வருகிற பனையேறி கெண்டையும் இந்த ஃபைட்டர் மாதிரியே மேலே வந்து காற்று குடிக்கிறதே. இரண்டும் சொந்தமா?
– வாசகர், தரங்கம்பாடி

சொந்தம்தான் ஐயா. உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். பனையேறி கெண்டைக்கும் அதே லாபிரிந்த் உறுப்பு உண்டு, அதனால்தான் தண்ணீரை விட்டு வெளியே வந்து செவுள் மூடியில் இருக்கிற முட்களை ஊன்றி ஊன்றி அடுத்த குட்டைக்கு நகர்ந்துபோக முடிகிறது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்த காலத்தில், அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்ற அதிகாரி இந்த மீன் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைத் தாம் 1791இல் கண்டதாக எழுதினார். அந்தக் குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1797இல் வெளிவந்தது. மரமேறுமா என்று அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. தரையில் நகர்வதைப் பார்க்காத வயல்காரர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னும் நெருங்கிய ஜாடையில் நம் மண்ணில் ஒரு குட்டி மீன் உண்டு. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் குவியர் 1831இல் விவரித்த சூடோஸ்பிராமெனஸ் குபானஸ். அந்தக் குபானஸ் என்ற பெயர் புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து வந்தது. ஃபைட்டரைப் போலவே குமிழ்க்கூடு கட்டும், விரல் நீளம்கூட இருக்காது. ஃபைட்டருக்கு பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ் என்று ஆங்கிலேய மீன் ஆய்வாளர் ரீகன் பெயர் வைத்தது 1910இல்தான். நம் வாய்க்கால் மீன்கள் அறிவியல் புத்தகத்தில் அதைவிட மூத்தவை. பனையேறி கெண்டையைப் பிடித்து ஃபைட்டரோடு தொட்டியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், தின்றுவிடும்.

மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தது. கடையில் மெத்திலீன் புளூ, ஏதோ மஞ்சள் பவுடர், டெட்ராசைக்ளின் கேப்சூல் மூன்றையும் கொடுத்து எல்லாவற்றையும் தொட்டியில் கலக்கச் சொன்னார்கள். கலக்கலாமா?
– வாசகி, சேலம்

கலக்காதீர்கள். முதலில் என்ன நோய் என்று பார்க்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தனித்தனியாக எண்ணக்கூடிய, ரவை அளவு வெள்ளைப் புள்ளிகள் என்றால் அது இக் என்கிற வெண்புள்ளி நோய். மேனி முழுக்கப் பொன்தூசு படிந்த மாதிரி மினுமினுத்தால் அது வெல்வெட், அது இன்னும் வேகமாகக் கொல்லும், தொட்டியை இருட்டாக மூடி வைத்து அதற்கென்றே இருக்கிற மருந்தை உடனே வாங்க வேண்டும்.

வெண்புள்ளிக்கு மீனை வேறு டப்பில் விட்டு, நான்கு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம். தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றின தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் உப்பு சேருங்கள், உப்பு ஆவியாகிப் போகாது என்பதால் ஒவ்வொரு நாளும் முழுக் கணக்குக்குப் போட்டால் ஏறிவிடும். ஹீட்டர் இருந்தால் வெப்பத்தை மெதுவாக 29, 30 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். புள்ளிக்குள் இருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை எதுவும் தொடாது, அது வெளியே வந்து பெருகி நீந்துகிற சமயத்தில்தான் அழியும், அதனால் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். மொத்தம் பத்து நாளுக்குமேல் உப்பு வேண்டாம். உப்பில் அடங்காவிட்டால் மெத்திலீன் புளூ, அதுவும் அந்த டப்பில் மட்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா செத்துப்போகும், செடி கருகும், தொட்டி ஓரத்து சிலிக்கான் நீலமாகி அப்படியே நிற்கும். காலியாக இருக்கிற பெரிய தொட்டியை ஒரு வாரம் பத்து நாள் மீனில்லாமல் ஓடவிட்டால் அங்கே இருக்கிற ஒட்டுண்ணி ஒட்ட உடம்பின்றிச் செத்துவிடும்.

டெட்ராசைக்ளினுக்கும் வெண்புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி தண்ணீரில் கொட்டி அதைச் சாக்கடையில் விடுவது எல்லோருக்கும் கேடு.

இதே கேள்வியோடு வேறு ஒருவர், வயிறு உப்பி, செதிலெல்லாம் சிலிர்த்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். மேலிருந்து பார்க்கும்போது செதில் தனித்தனியாகத் தூக்கி நின்றால் அது டிராப்ஸி. உள்ளுறுப்பு செயலிழந்து உடம்பில் நீர் கோத்துக்கொண்ட நிலை, பிழைப்பது அபூர்வம். நல்ல தண்ணீரும் அமைதியான இடமும் கொடுங்கள், மருந்து மேல் மருந்தாக ஊற்றி அதை வதைக்க வேண்டாம். செதில் சிலிர்க்காமல் வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் அளவுக்கு மீறிய தீனிதான், இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டாலே வடிந்துவிடும்.

குன்னூரில் இருக்கிறோம். ஹீட்டர் இல்லாமல் வளர்க்க முடியுமா?
– வாசகி, குன்னூர்

முடியாது. இதற்கு 25இலிருந்து 28 டிகிரி வேண்டும். இருபத்தைந்து லிட்டருக்குத் தெர்மோஸ்டாட் உள்ள 50 வாட் ஹீட்டர், கூடவே தனியாக ஒரு தெர்மாமீட்டர், ஏனென்றால் ஹீட்டரில் எழுதியிருக்கிற எண்ணை அப்படியே நம்ப முடியாது. தண்ணீர் மாற்றும்முன் பிளக்கைக் கழற்றிக் கால் மணி நேரம் கழித்துத்தான் கைவிட வேண்டும். சென்னைக்காரர்களுக்கு, இரவெல்லாம் ஏ.சி. ஓடுகிற அறையாக இருந்தாலொழிய, பெரும்பாலும் தேவைப்படாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், ஐந்து நாள் வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகலாமா?
– வாசகர், தாம்பரம்

டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் ஒரு பிடி போட்டுவிடுவார்கள், மீதி அழுகித் தண்ணீர் கெட்டுவிடும். நன்றாக இருக்கிற, வளர்ந்த ஃபைட்டர் ஐந்து நாள் தீனியில்லாமல் தாராளமாக இருக்கும். விடுமுறைத் தீனிக் கட்டி என்று விற்பதும் வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், கிளம்புகிற அன்று தீனி போட்டு ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள், தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள், மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால் இந்த முறை வேண்டாம், பம்பு நின்று ஐந்து நாள் ஆனால் ஸ்பாஞ்சில் இருக்கிற பாக்டீரியாவுக்கு ஆபத்து. சாவி கொடுப்பதென்றால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நடுவில் ஒரு நாள் வந்து குமிழி வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.